காற்று போன பிறகு

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வெளிவந்தது. கடற்கரைக் கிராமம், ஒரு பெண், அவளை மணக்க விரும்பும் இரண்டு வாலிபர்கள். யாரை அவள் ஏற்றுக்கொள்ளப் போகிறாள் என்று வாசகர்களைப் பத்துப் பக்கம் காக்கவைத்துவிட்டு, கடைசியில் ஒரு புயலை வரவழைத்தேன். புயல் இருவரில் ஒருவனைக் கடலோடு கொண்டுபோயிற்று. பிரச்னை தீர்ந்தது, கதையும் முடிந்தது. புயல் வர்ணனை பிரமாதம் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதினார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வந்தான்.

பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "ஐயா, உங்கள் கதையைப் படித்தேன். காற்று நன்றாக அடித்திருக்கிறது. மறுநாள் காலையில் அந்தப் பெண் அடுப்பை எங்கே மூட்டினாள் என்றுதான் எழுதவில்லை. விறகெல்லாம் நனைந்திருக்குமே?" இவ்வளவுதான் விஷயம். கீழே பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

என்னிடம் பதில் இல்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. என் கதையில் மறுநாள் காலை என்று ஒன்று கிடையாது. புயல் எனக்கு ஒரு கதாபாத்திரத்தை அப்புறப்படுத்திக் கொடுத்தது; நான் நன்றி சொல்லி அதை அனுப்பிவிட்டேன். கூரை போனவர்கள், வலை போனவர்கள், உப்புத் தண்ணீர் ஏறிப்போன கிணறு, இவையெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிட்டன.

கதை எழுதுகிறவர்களுக்குப் புயல் ஒரு பெரிய சௌகரியம். சிக்கலை அவிழ்க்கத் தெரியாதபோது அறுத்துக் கொடுக்கும் கத்தி அது. சாமானியர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பதில்லை. ரிச்சர்ட் ஹியூஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1929-ல் 'எ ஹை விண்ட் இன் ஜமைக்கா' என்ற நாவலை வெளியிட்டார். குழந்தைகளின் மனத்தை அவ்வளவு துணிச்சலோடு காட்டிய நாவல்கள் குறைவு. அதன் ஆரம்பத்தில் ஜமைக்காவில் ஒரு புயல் அடிக்கிறது. ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் வீடு தரைமட்டமாகிறது. பெற்றோர்கள் பயந்துபோய்க் குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றுகிறார்கள். கப்பலோடு நாவலும் ஜமைக்காவை விட்டுப் போய்விடுகிறது. அந்தத் தீவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. ஹியூஸுக்கு வேண்டியது வேறு விஷயம் என்பதால் அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் புயலுக்கு அவர் கொடுத்த வேலையும் நான் கொடுத்த வேலையும் ஒன்றுதான். ஆட்களை இடம் மாற்றுகிற வேலை.

அந்தக் கார்டு வந்த பிறகு, புயல் வருகிற நாவல்களை மறுநாள் காலையைத் தேடிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். நான் பண்டிதனல்ல. ஆராய்ச்சி முறையில் எனக்குப் பயிற்சி கிடையாது. கதை எழுதுகிறவன் மற்றொரு கதைக்காரன் எப்படிச் சமாளித்தான் என்று எட்டிப்பார்ப்பது போல்தான் பார்த்தேன். பார்த்ததில் என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பவை மூன்று. மூன்றும் அமெரிக்காவின் தென்கரையில் பிறந்தவை. அங்கே நம் புயலுக்கு ஹரிக்கேன் என்று பெயர். நம் வீடுகளில் அந்தச் சொல் அரிக்கேன் விளக்காகத்தான் நுழைந்தது. காற்றில் அணையாத விளக்கு என்பதற்கு மேல் நாம் அதைப் பற்றி நினைத்ததில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தில் கிளம்பி, மேற்கிந்தியத் தீவுகளையும் ஃப்ளாரிடா, மிஸிஸிப்பி, டெக்ஸாஸ் கரைகளையும் தாக்கும் அந்தக் காற்றை அறிந்தவர்களுக்கோ, வருஷத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை அது ஒரு தனிப் பருவம்.

முதலில் ஸோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய நாவல். 'தேர் ஐஸ் வேர் வாச்சிங் காட்' என்று பெயர். அவர்கள் கண்கள் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று பொருள். 1937-ல் வெளிவந்தது. ஹர்ஸ்டன் கறுப்பினப் பெண்மணி. ஃப்ளாரிடாவில், கறுப்பின மக்களே குடியிருந்து தாங்களே நிர்வகித்த ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். மானிடவியல் படித்து, நாட்டுக்கதைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். 1929-ல் பஹாமாஸ் தீவுகளில் ஒரு புயலுக்குள் அகப்பட்டும் இருக்கிறார். நாவலில் அவர் எடுத்துக்கொண்டதோ அதற்கு முந்தின வருஷத்துப் புயலை.

அந்தப் புயலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1928 செப்டம்பரில் அது குவாடலூப்பையும் போர்ட்டோ ரீக்கோவையும் நாசமாக்கிவிட்டு, 16-ஆம் தேதி மாலை ஃப்ளாரிடாவின் கிழக்குக் கரையில் வெஸ்ட் பாம் பீச் அருகே ஏறியது. கரையில் வீடுகள் விழுந்தன. ஆனால் பெரிய சாவு கரையில் இல்லை. உள்ளே சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி ஒகிசோபி என்ற பரந்த, ஆழமில்லாத ஏரி இருக்கிறது. அதன் தென்கரையில் ஆளுயரத்துக்கு ஒரு மண்கரை. அதற்குக் கீழே கரிய சேற்று நிலம். எதைப் போட்டாலும் விளைகிற பூமி. அவரையும் மற்றக் காய்களும் பறிக்கக் கறுப்பினக் கூலிகளும் பஹாமாஸிலிருந்து வந்தவர்களும் அந்தப் பள்ளத்தில் குடிசை போட்டுக் கிடந்தார்கள். வடகாற்று ஏரியை அப்படியே தெற்கே தள்ளிற்று. மண்கரை உடைந்தது. இருட்டில் வெள்ளம் குடிசைகள்மேல் நடந்துபோயிற்று. இறந்தவர்கள் 1,836 பேர் என்று முதலில் கணக்கெழுதினார்கள். 75 வருஷம் கழித்து, 2003-ல், குறைந்தது 2,500 பேர் என்று அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்துக் கூலிகள்.

ஹர்ஸ்டனின் நாவல் இந்தப் புயலைப் பற்றியதல்ல. ஜேனி என்ற பெண்ணின் கதை அது. இரண்டு கணவர்களோடு வாழ்ந்து சலித்தபின், தன்னைவிட வயதில் இளையவனான டீ கேக் என்பவனை மனமார விரும்பி, அவனோடு அந்த ஏரிக்கரைக்கு அவரை பறிக்கப் போகிறாள். பகலெல்லாம் வயல், இரவெல்லாம் பாட்டும் சூதாட்டமும் சிரிப்பும். அவள் வாழ்க்கையில் முதல் முதலாகச் சந்தோஷம் என்பது வருகிறது. புயலும் அங்கேதான் வருகிறது.

வருவதற்கு முன்பே அடையாளங்கள் தென்படுகின்றன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான செமினோல்கள் குடும்பம் குடும்பமாக மேட்டு நிலத்தைத் தேடிப் போகிறார்கள். கோரை பூத்துவிட்டது, புயல் வரும் என்கிறார்கள். முயலும் மானும் பாம்பும் போகின்றன. கூலிக்காரர்கள் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை? காய்க்கு நல்ல விலை, கூலி ஏறியிருக்கிறது, பெரிய வீட்டு முதலாளிகள் அசையாமல் இருக்கிறார்கள், ஆபத்தென்றால் அவர்களுக்குத் தெரியாதா? இந்த நாலைந்து பக்கங்களில் ஹர்ஸ்டன் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஆனால் புயலின் சேதத்தில் பாதி, காற்று கிளம்புவதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதை நாம் பார்த்துவிடுகிறோம். யார் பள்ளத்தில் குடியிருப்பது, யார் ஒரு நாள் கூலியை விடமுடியாதவர், யாருடைய பேச்சை நம்புவது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகி இருக்கிறது. காற்று வந்து அந்த முடிவைப் படித்துக்காட்டுகிறது, அவ்வளவுதான்.

புயல் இரவை அவர் வர்ணித்திருப்பது மிகவும் பேர்பெற்றது. நாவலின் பெயரே அந்த இரவிலிருந்து வந்ததுதான். அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது மறுநாள்.

மறுநாள் டீ கேக்கும் ஜேனியும் பாம் பீச் நகரத்தில் ஒண்டியிருக்கிறார்கள். டீ கேக் வெளியே போகிறான். துப்பாக்கி பிடித்த இரண்டு வெள்ளைக்காரர்கள் அவனை மறித்து, பிணம் புதைக்கும் வேலைக்கு இழுத்துப் போகிறார்கள். அங்கே ஒரு கட்டளை: ஒவ்வொரு பிணத்தையும் வெள்ளையா கறுப்பா என்று சோதித்துப் பிரிக்க வேண்டும். தண்ணீரில் ஊறிய உடம்பில் நிறம் எங்கே தெரிகிறது? அப்படியானால் தலைமயிரைப் பார் என்கிறார்கள். வெள்ளையர்களுக்குப் பெட்டி உண்டு. மற்றவர்களுக்குச் சுண்ணாம்பைத் தூவி மண்ணைத் தள்ள வேண்டியதுதான். நியாயத் தீர்ப்புக்குப் போகிறவர்களைக்கூட இவர்கள் இப்படிப் பொறுக்கி அனுப்புகிறார்களே, கடவுளுக்கு நம் ஊர்ச் சட்டம் தெரியாது என்று நினைக்கிறார்களோ என்று டீ கேக் பக்கத்தில் நிற்பவனிடம் கேட்கிறான். இருவரும் வேலையைத் தொடர்கிறார்கள்.

இரண்டு மூன்று பக்கந்தான். நான் முதல் முறை படித்தபோது, கதை ஓடுகிற வேகத்தில் இதை ஒரு கிளைச் சம்பவம் என்று தாண்டிப் போய்விட்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இது கற்பனை என்று யாராவது நினைத்தால், வெஸ்ட் பாம் பீச் நகரத்தில் இருப்பதைச் சொல்கிறேன். உட்லான் என்ற மயானத்தில் புயலில் இறந்த வெள்ளையர்கள் 69 பேரை அடக்கம் செய்தார்கள். டாமரிண்ட் அவென்யூ என்ற தெருவின் ஓரத்தில் ஒரே குழியில் 674 கறுப்பின மக்களைப் போட்டு மூடினார்கள். டாமரிண்ட் என்றால் நம் புளியமரந்தான். அந்தக் குழியின் மேல் பல பத்தாண்டுகள் ஓர் அடையாளமும் இல்லை. 2002-ல்தான் அந்த இடம் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறிற்று. துப்பாக்கி முனையில் ஆள் பிடித்ததும் புதிதல்ல. 1900 செப்டம்பர் 8-ல் டெக்ஸாஸ் மாகாணத்தின் கால்வெஸ்டன் தீவைப் புயல் விழுங்கிச் சில ஆயிரம் பேரைக் கொன்றபோதும், கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்திப் படகுகளில் பிணம் ஏற்ற வைத்தார்கள். கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிய உடல்கள் அலையோடு கரைக்குத் திரும்பி வந்தன. பிறகுதான் எரிக்கத் தொடங்கினார்கள்.

ஹர்ஸ்டன் அதோடு விடவில்லை. வெள்ளத்தில் ஒரு மாட்டின் முதுகின்மேல் வெறி பிடித்த நாய் ஒன்று நின்றுகொண்டு வருகிறது. அது ஜேனியைக் கடிக்கப் பாயும்போது டீ கேக் குறுக்கே விழுந்து அதைக் கொன்றுவிடுகிறான். ஆனால் அவன் கன்னத்தில் அது கடித்துவிடுகிறது. காயம் ஆறுகிறது. இருவரும் ஏரிக்கரைக்கே திரும்புகிறார்கள். செத்தவர்கள் போக இருக்கிறவர்களோடு மறுபடி வாழ்க்கை. நாலாவது வாரம் அவனுக்குத் தலைவலி வருகிறது. தண்ணீர் குடிக்க முடியவில்லை. வைத்தியர் வந்து, கடித்த உடனே மருந்து போட்டிருந்தால் பிழைத்திருப்பான், இனிக் காலம் கடந்துவிட்டது என்கிறார். சித்தம் கலங்கித் தன்னையே சுட வந்தவனை, உயிருக்கு உயிரான அவனை, ஜேனி தன் கையால் சுட்டுக் கொல்ல நேருகிறது.

இந்த நாய்க் கடியை நாடகத்தனம் என்று சொல்கிற ரசிகர்கள் இருக்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. வெள்ளத்தில் தப்பியவனை ஆசிரியை ஏன் இப்படிச் சுற்றி வளைத்துக் கொல்ல வேண்டும்? என் புயல் செய்ததைப்போல் அன்றிரவே தண்ணீரில் கொண்டுபோயிருக்கலாமே, கதை எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. புயல் அன்றிரவே தன் கணக்கை முடித்துக்கொள்வதில்லை. வெள்ளத்திலிருந்து கரையேறியவன் ஒரு மாதம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து நடுங்கிச் சாகிறான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் சேராது. வைத்தியத்துக்கு நாதியற்ற இடத்தில், காயத்தைக் கட்டிக்கொண்டு கூலிக்குப் போனவன் என்று யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. கணக்கில் விட்டுப்போன அந்த ஒரு சாவைத்தான் ஹர்ஸ்டன் எழுதினார். தலைகளை எண்ணியவர்கள் 2003-ல் தங்கள் எண்ணிக்கை போதாது என்று ஒப்புக்கொண்டார்கள். நாவலாசிரியை 66 வருஷம் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட நாவலுக்கு அன்று கிடைத்த வரவேற்பைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகையில் 1937 அக்டோபரில் ரிச்சர்ட் ரைட் அதற்கு மதிப்புரை எழுதினார். ரைட்டும் கறுப்பினத்தவர், மிஸிஸிப்பியில் வறுமையில் வளர்ந்தவர், பின்னால் பெரும் புகழ் பெற்ற நாவலாசிரியர். அவருடைய அபிப்பிராயத்தில் ஹர்ஸ்டனின் நாவலில் பொருளும் இல்லை, செய்தியும் இல்லை. வெள்ளைக்கார வாசகர்களின் ரசனைக்கு ஏற்ற வேடிக்கைதான் இருக்கிறது.

இதே பத்திரிகையில் இரண்டு வருஷங்களுக்கு முன், 1935 செப்டம்பரில், புயலைப் பற்றி வேறொரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அதுதான் நான் சொல்ல வந்த இரண்டாவது எழுத்து. ஃப்ளாரிடாவின் தென்முனையிலிருந்து கடலுக்குள் மணிகோத்தாற்போல் நீளும் கீஸ் தீவுகளில், முதல் உலக யுத்தத்தில் சண்டையிட்டுத் திரும்பி வேலையில்லாமல் இருந்த படைவீரர்களை, அரசாங்கம் சாலை போடும் வேலைக்கு முகாம்களில் வைத்திருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்கக் கரையை அதுவரை தாக்கியவற்றில் மிக உக்கிரமான புயல் அங்கே அடித்தது. முகாம்காரர்களை ஏற்றிவர மியாமியிலிருந்து ஒரு ரயில் கிளம்பிற்று, கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. தீவில் கடல் எழும்பிப் பெட்டிகளைத் தண்டவாளத்தை விட்டுத் தள்ளியது; எஞ்சின் மட்டும் நின்றது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் படைவீரர்கள். கீ வெஸ்ட் தீவில் வசித்துவந்த ஹெமிங்வே, காற்று ஓய்ந்ததும் படகில் அங்கே போய்ப் பிணங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதியதன் தலைப்பே ஒரு குற்றச்சாட்டு: 'படைவீரர்களைக் கொன்றது யார்?'

மிகவும் நேர்மையான கட்டுரை. புயல் மாதங்களில் வசதியுள்ளவர்கள் எட்டிப்பார்க்காத தீவுக்கு இவர்களை அனுப்பியது யார், அங்கேயே விட்டுவைத்தது யார் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கிறது. படிக்கும்போது நமக்கும் இரத்தம் கொதிக்கிறது. இருந்தாலும் அடுத்த நாள் மனத்தில் என்ன தங்குகிறது என்று பார்த்தேன். ஹெமிங்வேயின் கோபம் தங்குகிறது. செத்தவர்களில் ஒருவன்கூட, டீ கேக் தங்குவதைப்போல், தங்கவில்லை. இது குற்றமல்ல, கட்டுரைக்கும் நாவலுக்கும் உள்ள வித்தியாசம். கட்டுரை ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதற்கு அவசரம் உண்டு. நாவலால் நாலு வாரம் காத்திருக்க முடியும்.

நான் கேட்க விரும்புவது இதுதான். படைவீரர்களுக்காகப் பொங்கிய அதே பத்திரிகைக்கு, பிணத்தின் மயிரைத் தடவிப் பார்த்து நிறம் பிரிக்கும் அந்த இரண்டு பக்கத்தில் கோபம் இருப்பது ஏன் தெரியவில்லை? ரைட்டுக்கு அந்த அனுபவம் தெரியாதது அல்ல. அடுத்த வருஷமே, 1938-ல், 'அங்கிள் டாம்ஸ் சில்ட்ரன்' என்ற தம் தொகுதியில், வெள்ளத்தின்போது ராணுவத்தார் ஒரு கறுப்பினத்தவனைக் கட்டாய வேலைக்கு இழுத்துப் போகும் கதையை அவரே எழுதியிருக்கிறார், நல்ல கதை. அவருக்குத் தெரியாமற்போனதற்குக் காரணம், ஹர்ஸ்டன் குரலை உயர்த்தவில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். காதல் கதையின் நடுவில், சிரிக்கத் தெரிந்த ஒருவன் வாயால், அரைச் சிரிப்போடு அதைச் சொல்லிவிட்டார். கோபமாக இருக்கிறேன் என்று அறிவித்துவிட்டுக் கோபப்படுகிற எழுத்தைத்தான் கோபம் என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் விமர்சகர்களிடம் உண்டு. நம்மிடமும் உண்டு. மதிப்புரை எழுதிய நாட்களில் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

இந்த இரண்டு புயல்களின் பின்கதையையும் சேர்த்துப் பார்த்தால் மனம் கசக்கிறது. கீஸ் தீவுகளில் இறந்தவர்களுக்கு 1937-லேயே ஒரு நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. டாமரிண்ட் அவென்யூக் குழி வெறும் நிலமாகக் கிடந்தது. அந்தக் குழியைப் பற்றி எழுதியவரின் கதியும் வேறல்ல. புத்தகங்கள் அச்சில் இல்லாமற்போய், வீட்டுவேலைகூடப் பார்த்து, 1960-ல் அதே ஃப்ளாரிடா கரையில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில் ஹர்ஸ்டன் ஏழையாக இறந்தார். அவரை அடக்கம் செய்த இடத்திலும் ஒரு கல் இல்லை. 1973-ல் ஆலிஸ் வாக்கர் என்ற இளைய எழுத்தாளர் புல்லும் புதருமாகக் கிடந்த மயானத்தில் தேடி, இதுவாகத்தான் இருக்கும் என்று ஓரிடத்தில் கல் நாட்டினார். அதன் பிறகுதான் நாவலும் மெல்ல மெல்ல உயிர்த்தெழுந்தது.

மூன்றாவது, நம் காலத்து நாவல். ஜெஸ்மின் வார்ட் 2011-ல் எழுதிய 'ஸால்வேஜ் தி போன்ஸ்'. அவர் மிஸிஸிப்பிக் கடற்கரையை அடுத்த டிலீல் என்ற ஊர்க்காரர். 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் அடித்தபோது அங்கே குடும்பத்தோடு இருந்தவர். கத்ரீனா என்றதும் உலகம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைத்தான் நினைத்துக்கொள்கிறது. கரை உடைந்து நகரம் மூழ்கியதை எல்லோரும் படத்தில் பார்த்தார்கள். ஆனால் கடல் நேராக ஏறி அடித்தது மிஸிஸிப்பிக் கரையைத்தான். சில இடங்களில் 8 மீட்டருக்கு மேல் நீர் உயர்ந்தது. தெருத்தெருவாக வீடுகள் போய், வாசற்படிகள் மட்டும் எங்கும் ஏறாத படிகளாய் நின்றன.

வார்ட் நாவலைப் பன்னிரண்டு நாட்களாகப் பிரித்திருக்கிறார். புயலுக்கு முன் பத்து நாள், புயல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்று. தாயில்லாத நாலு குழந்தைகள், குடிகாரத் தகப்பன், குட்டி போட்ட ஒரு நாய். கதை சொல்லும் எஷ் என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயது; அவள் கர்ப்பமாக இருப்பது அவளுக்கு மட்டுந்தான் தெரியும். முதல் பத்து நாளும் அன்றாடச் சாப்பாட்டுக் கவலைதான். அந்தப் பத்து நாளைப் பார்த்துவிட்டதால்தான் பதினோராவது நாள் போவது என்னவென்று நமக்குத் தெரிகிறது. ஒன்றுமில்லாதவர்களிடம் புயல் எதைக் கொண்டுபோகப் போகிறது என்று நினைக்கிறவர்கள் இந்த நாவலைப் படிக்க வேண்டும்.

குறை சொல்வதென்றால் ஒன்று சொல்லலாம். எஷ் பள்ளிக்காகக் கிரேக்க புராணக் கதைகள் படிக்கிறாள்; காதலனால் கைவிடப்பட்ட மெடியாவோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறாள். முதலில் அழகாக இருக்கிறது. போகப்போக மெடியா எஷ்ஷின் முகத்தை மறைக்கிறாள். இந்தப் பெண்ணுக்குப் புராணத்தின் சிபாரிசு தேவையில்லை என்று எனக்குப் பட்டது.

ஆனால் பன்னிரண்டாம் நாள் அந்தக் குறையை மறக்கடிக்கிறது. வீடு போய், ஒரு நண்பன் வீட்டில் ஒதுங்கியவர்கள், கடலோர நகரத்தைப் பார்க்கப் போகிறார்கள். நகரம் இல்லை. இடிபாட்டுக்குள் குனிந்து எஷ் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறாள். கயிற்றில் கட்டிப் படுக்கைக்கு மேலே தொங்கவிடுவதற்காம். அவளுடைய அண்ணன் ஒருவன் வெள்ளத்தில் போன தன் நாய் திரும்பி வரும் என்று வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறான். மற்றவர்களும் அவனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாவல் அங்கே முடிகிறது. நாய் வந்ததா என்று ஆசிரியை சொல்லவில்லை. சேதம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான சித்திரம் எனக்குத் தெரியாது. இடிந்த வீட்டை அளந்து நஷ்டஈடு கொடுத்துவிடலாம். காத்திருப்பதை எந்த அதிகாரி அளப்பார்?

மூவரையும் சேர்த்து நான் கற்றுக்கொண்டது பெரிய தத்துவம் ஒன்றுமல்ல. காற்றை வர்ணிப்பது எழுத்தாளனுக்கு லகுவான வேலை. தென்னையை வளைக்கலாம், அலையைத் தூக்கலாம், பேரொலியைக் காகிதத்தில் கொண்டுவரலாம். கொஞ்சம் பழகியவன் எவனும் செய்வான். காற்று நின்றபின் அங்கே நிற்கப் பொறுமை வேண்டும். யார் யாரைப் புதைத்தார்கள், எந்தக் குழியில், யார் சொல்லி, எந்தக் காயம் மறைந்திருந்து பிறகு கொன்றது, யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே வர்ணனைக்கு இடமில்லை, பாராட்டும் கிடைக்காது. ஹர்ஸ்டனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் கடன்பட்டவன் என்ற முறையில் எழுத்தாளன் செலுத்த வேண்டியது அதைத்தான்.

அந்தத் தபால் கார்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் அந்தப் பழைய கதையைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். முன்பு மூன்று பக்கம் அடித்த காற்று இப்போது ஒரு பத்தியில் ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலை அந்தப் பெண் நனையாத விறகைத் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். பக்கத்து வீடு இல்லை. அங்கிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. அடுப்பு இன்னும் மூட்டியாகவில்லை.